கப்பலுக்கு வந்த மீன்குழம்பு

எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து அடுத்துப் பினாங்குக்குப் பயிற்சிக்குப் போகிறவள் எனக்கு இளையவள். போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் வந்தாள். முதன்முதலாகக் கப்பலில் வெளிநாடு போகிறவர்கள் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னாள்.

பட்டியல் போடுவது எனக்குப் பழகிய வேலை. நான் படித்தது ரசாயனத் தொழில்நுட்ப டிப்ளமா. திருவொற்றியூரில் பெயின்ட் தொழிற்சாலையில் பரிசோதனை வேலை. காலையில் எந்த டப்பாவை முதலில் திறப்பது, மாலையில் எந்தக் குழாயைக் கடைசியில் மூடுவது என்பதற்கெல்லாம் என்னிடம் வரிசை உண்டு. அவளுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அம்மை குத்திய மஞ்சள் அட்டையில் சுகாதார அலுவலக முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பெட்டிச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள். கப்பல் ஏறும் நாளில் வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறைந்தும் இருக்கக் கூடாது. முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் வேண்டும். கம்பளிச் சால்வை ஒன்று வேண்டும். மலாயாவில் குளிராது, கப்பலின் மேல்தளத்தில் குளிரும்.

அவள் படித்துவிட்டு, "அவ்ளோதானாக்கா? வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான்" என்றேன்.

இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் பயணத்தின் முதல் மூன்று நாட்களைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் ராயபுரத்தைத் தாண்டவே இல்லை.

எங்கள் வீடு ராயபுரத்தில், கோயில் தெருவுக்குப் பின்னால், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அம்மாவின் தம்பி, என் மாமா, காசிமேட்டில் கட்டுமரம் வைத்திருக்கிறார். அம்மா பிறந்து வளர்ந்தது கரையில்தான் என்றாலும் கடலில் அவள் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் மீனைக் கரையில் வாங்கி விற்பார்கள், வலை உதறுவார்கள். கட்டுமரத்தில் ஏற மாட்டார்கள். ஏறக் கூடாது என்பது வழக்கம். அம்மாவுக்கு வழக்கத்தோடு பயமும் உண்டு.

கம்பெனி என்னைப் பினாங்குக் கிளைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்புகிறது என்று சொன்ன நாளிலிருந்தே அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை. சமைக்கும்போது பாத்திரங்களைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள். நான் போவதற்கு அப்பா சம்மதித்துவிட்டதால் அவரோடும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

இருந்தாலும் வழியனுப்புவதில் குறை வைக்கவில்லை. பங்குச் சாமியார் வந்து வீட்டில் செபம் சொல்லி, பெட்டிமேல் தீர்த்தம் தெளித்தார். தெருவே துறைமுகத்துக்கு வந்தது. அப்பா தெரிந்தவர்களைப் பிடித்து எல்லோருக்கும் பாஸ் வாங்கியிருந்தார். எனக்கு மாலை போட்டார்கள். எதிர்வீட்டு அக்கா ஊறுகாய் பாட்டிலை என் கையில் திணித்தாள். கப்பல் நகர்ந்தபோது அம்மா சத்தம் போட்டு அழுதாள். நான் அழவில்லை. கைகாட்டினேன், பிறகு அறைக்குப் போய்ப் பெட்டியில் வைத்த பொருள்களை வரிசைப்படி சரிபார்த்தேன்.

இரண்டு பேர் தங்கும் அறை. கூட இருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கோலாலம்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார். மயிலாப்பூர். சுத்தமான பேச்சு, சுத்தமான பழக்கம். நான் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"பாரிமுனைக்குப் பக்கத்தில்" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் தெருமுனையில் நின்றால் பாரிமுனைக்கு பஸ் கிடைக்கும். ஆனாலும் அவர் கண்ணைப் பார்த்து நான் அதைச் சொல்லவில்லை.

துறைமுகத்து வாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கப்பல் நின்றது. நங்கூரம் இறங்கும் சத்தம் கேட்டது. எஞ்சினில் ஏதோ கோளாறு, ஒரு பாகம் கரையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மாலையாகியும் நின்றது. மறுநாள் விடிந்தும் நின்றது. மேல்தளத்துக்கு வந்து பார்த்தால் எதிரே ராயபுரம் கோயில் கோபுரம், காசிமேட்டு மணலில் வரிசையாகக் கட்டுமரங்கள், வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள். எங்கள் தெரு எந்த இடத்தில் திரும்புகிறது என்பதுகூடத் தெரிந்தது. பாஸ்போர்ட்டில் வெளியேறியதற்கு முத்திரை விழுந்துவிட்டது. சட்டப்படி நான் வெளிநாட்டில் இருந்தேன்.

அன்று மதியம் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"பாப்பாவ்."

கப்பலில் இருந்த குழந்தைகள் நாலைந்து பேர் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் குரல் தெரியும். எழுந்திருக்கவில்லை. டீச்சரோடு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"யார்பா வோணும்?" கப்பல் ஆள் ஒருவர் கம்பியோரம் குனிந்து கேட்டார்.

"எங்கக்கா பொண்ணு. பெயின்ட் கம்பெனில வேல செய்யுது. நேத்துதான் மாலை போட்டு அனுப்சோம்."

"எப்டி இருக்கும்?"

"ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு."

"கண்ணாடி போட்ட பொண்ணு கப்பல்ல நெறைய கீது நைனா."

"இது சிரிக்காது. அத்த வெச்சி கண்டுபுடி."

மேல்தளம் முழுக்கச் சிரித்தது. சிரித்தபடியே எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள், சிரிக்காத முகம் எது என்று. டீச்சர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் காதுமடல் எரிந்தது. எழுந்து கம்பியோரம் போனேன்.

கீழே மாமா நனைந்த அரைக்கால் சட்டையோடு கட்டுமரத்தில் நின்றுகொண்டிருந்தார். மரத்தின் நடுவில் எங்கள் வீட்டு டிபன் கேரியர், கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. மூடிமேல் துணி சுற்றியிருந்தது.

"என்ன மாமா இது?" என்றேன், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாத குரலில்.

"இன்னா? காதுல வுழல."

"என்ன வேண்டும் மாமா?"

"எனக்கு இன்னா வோணும்? உனக்குதான் சோறு. ஒங்கம்மா குடுத்துச்சி. கப்பல் எதிர்லயே நின்னுகினு கீது, புள்ள இன்னாத்துக்குக் கண்டவன் ஆக்குன சோத்த துன்னணும்னு கேக்குது. கவுறு வுட சொல்லு."

கப்பல் ஆள் சந்தோஷமாகக் கயிறு விட்டார். கேரியர் ஆடி ஆடி மேலே வந்தது. வருகிற வழியெல்லாம் கப்பலின் பக்கச் சுவரில் இடித்தது. சிவப்புப் பெயின்ட் தூள் கேரியரில் ஒட்டியிருந்தது. அது எந்த வகைப் பெயின்ட் என்று ஒரு கணம் யோசித்தேன். வேறு எதையாவது யோசிக்க முடிந்தால் நல்லது என்றிருந்தது.

மாமா உடனே போய்விடவில்லை. தெருச் செய்தியெல்லாம் அண்ணாந்தபடியே சொன்னார்.

"ஆர்பர்ல ஒங்க நைனாவ ஓட்றானுங்க பாப்பா. இன்னாபா, ஒம்பொண்ணு பாரின் போய்ட்சா, இல்ல காசிமேட்டுக்கு எதிர்ல வூடு எடுத்துகினு கீதான்றானுங்க. அப்பறம், எதிர்வூட்டு அக்கா சொல்லச் சொல்லுச்சி. ஊறுகா பாட்டில இப்பவே தொறந்துடாதியாம். கப்பல் கெளம்புனதுக்கு அப்பறம் தொறப்பியாம்."

மறுபடியும் சிரிப்பு. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் அதையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார், மாமாவின் பேச்சிலேயே சொல்ல முயன்றபடி.

கேரியரை அறைக்கு எடுத்துப் போனேன். சங்கரா மீன் குழம்பு. மூடியைத் திறந்ததும் அறை முழுவதும் எங்கள் வீடாகிவிட்டது. டீச்சர் சைவம். முகம் சுளிக்கவில்லை.

"பரவால்லம்மா, ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கலாம்" என்றார். கொஞ்சம் கழித்து, குத்தலே இல்லாமல், "பாரிமுனைப் பக்கம்னு சொன்னியே, கடற்கரையோரமா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன். குழம்பு நன்றாக இருந்தது. அதைச் சாப்பிடும்போது கதவுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டேன். மாமா அதுவரை கீழே காத்திருந்து காலிக் கேரியரை வாங்கிப் போனார்.

மாலையில் பயணிகளைக் கவனிக்கிற அதிகாரி கூப்பிட்டனுப்பினார். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். வெளியேறும் முத்திரை விழுந்த பயணிகள் கரையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது, சுங்க இலாகா பார்த்தால் கப்பலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். மறுபடி படகு வந்தால் தன்னால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. என் பயணத்தை ரத்து செய்து லாஞ்ச் படகில் கரைக்கு இறக்கிவிட வேண்டியிருக்கும். இறங்கினால் மறுபடி ஏற முடியாது.

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறு மாதப் பயிற்சியை, இத்தனை நாள் நான் காத்திருந்ததை, ஒரு டிபன் கேரியர் கெடுத்துவிடும் என்றிருந்தது.

மறுநாள் மதியம் மாமாவின் மரம் தூரத்தில் தெரிந்ததுமே கம்பியோரம் போய் நின்றேன். எனக்கு முன்பே நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஒருவர் எனக்கு வழிவிட்டு, "ஒங்களுக்குதாம்மா" என்றார்.

"மாமா, இனிமேல் வர வேண்டாம். இது சட்டப்படி குற்றமாம்" என்றேன்.

"இன்னா சட்டம்? கொழம்புக்கா?"

சிரித்தார்கள். நான் புத்தகத்தில் இருப்பது போல் பேசுவதால்தான் மாமாவுக்கு உறைக்கவில்லை என்று புரிந்தது. இத்தனை பேர் முன்னால் வேறு மாதிரிப் பேசவும் மனம் வரவில்லை. ஆனால் வேறு வழி இல்லை.

"மாமா, வராத. சொன்னா கேளு. நீ வந்துகினே இருந்தா என்ன இங்கேந்து எறக்கி வுட்டுடுவாங்க."

பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு வெளியாட்கள் முன்னால் நான் அப்படிப் பேசியதில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

மாமாவின் முகம் மாறியது. "எறக்கி வுட்டுடுவாங்களா?" என்றார். துடுப்பைத் திருப்பினார். கேரியரை மேலே அனுப்பவில்லை. கட்டியபடியே திரும்பிப் போனது.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மாமா அந்த வார்த்தையை வீட்டில் போய்ச் சொல்வார் என்பதும், அதை அம்மா எப்படிக் கேட்டுக்கொள்வாள் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. மகளை இறக்கிவிட ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்கு நானே சொல்லியனுப்பியிருந்தேன்.

அதற்கு மறுநாள் காலையில் மேல்தளத்தில் பேச்சு சட்டென்று குறைந்தது. நான் எட்டிப் பார்த்தேன். மாமாவின் மரம் வந்துகொண்டிருந்தது. நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அவள் இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு, அதன் மறுமுனை மரத்தோடு கட்டியிருந்தது. புடவை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கழுத்தில் செபமாலை. ஒரு கையால் கட்டைகளின் கட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தாள். மற்ற கையால் கேரியரை மடியோடு அணைத்திருந்தாள். ஒவ்வோர் அலைக்கும் கண்ணை இறுக மூடித் திறந்தாள். காசிமேட்டில் இந்நேரம் எத்தனை பேர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் செய்யாததை அவள் செய்துகொண்டிருந்தாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் தேவலை என்று எனக்கே தோன்றியது.

அதிகாரி என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க அம்மாவா?" என்றார். பிறகு தணிந்த குரலில், "மறுபக்கம் மெக்கானிக் வந்த லாஞ்ச் நிக்குது, ஏணி போட்டிருக்கு. போறதானா இப்பவே சொல்லிடுங்க" என்றார்.

மரம் கப்பலை ஒட்டி வந்து நின்றது. அம்மா அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் உப்புத் தண்ணீர் வழிந்தது. சத்தம் போட்டுப் பேசத் தெரிந்தவள், மீன் ஏலத்தில் குரல் கொடுத்தே வளர்ந்தவள். அன்று சாதாரணமாகத்தான் பேசினாள். அவ்வளவு நிசப்தம், எல்லோருக்கும் கேட்டது.

"பாப்பா, கப்பல் மூணு நாளா போவல. அது நல்லதுக்கு இல்ல. வந்துடு. எறங்க ஏணி கீதா?"

இருக்கிறது என்று சொன்னால் இறங்க வேண்டும். இல்லை என்று சொன்னால் பொய். நான் வரமாட்டேன், போகத்தான் போகிறேன் என்று சொல்லலாம். அதுதான் உண்மை. அதை அத்தனை பேர் முன்னால், நனைந்து உட்கார்ந்திருக்கிறவளிடம், இவ்வளவு உயரத்திலிருந்து கீழே பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பியைப் பிடித்தபடி நின்றேன். வாய் திறக்கவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். இரண்டு நாளாக என்னைக் கூனிக்குறுக வைத்த மனிதர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"ஏணில்லாம் தூக்கிட்டாங்கக்கா. கப்பல் கெளம்பப் போவுது. அதோ பாரு, பொகை வருது."

புகைபோக்கியில் புகை இல்லை. அம்மாவும் அதைத் தலை தூக்கிப் பார்த்தாள்.

"சரி. கவுறு வுட சொல்லு" என்றாள்.

அதிகாரி எதையும் பார்க்காதவர் போல எதிர்ப்பக்கம் நடந்துபோய்விட்டார். கயிறு இறங்கியது, கேரியர் ஏறியது.

"கேரியரத் திருப்பிக் குடுத்துடு பாப்பா. அது இல்லாம ஒங்க நைனாக்கு எதுல சோறு அனுப்பறது?" என்றாள் அம்மா.

எதில் கொட்டுவது என்று தெரியாமல் நின்றேன். டீச்சர் தன் எவர்சில்வர் தட்டை நீட்டினார். "இதுல கொட்டிக்கோ" என்றார். குழம்பு ஊற்றும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் தட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டார். காலிக் கேரியர் இறங்கியது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டாள். மரம் திரும்பியது. அவள் கட்டுக் கயிற்றைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியாததால் கைகாட்டவில்லை. நான் ஏன் காட்டவில்லை என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலை கப்பல் புறப்பட்டது. நான் கரை தெரியாத பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பினாங்கில் எல்லாம் நன்றாகவே நடந்தது. கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயின்டை எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொண்டேன். சிப்பி ஒட்டாமலிருக்க எது சேர்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அந்தக் காலையைப் பற்றி நானும் எழுதவில்லை, அப்பா எழுதிய பதில்களிலும் அது இல்லை.

திரும்பி வந்தபோது தெரு வரவில்லை. அம்மாவும் அப்பாவும்தான் வந்திருந்தார்கள். அப்பா பெட்டிக்குக் கூலி பேசப் போனார். நான் கப்பல் ஏணியில் இறங்கி வந்ததும் அம்மா என் கைப்பையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் ஏணியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அன்னிக்கும் ஏணி இருந்துச்சி" என்றாள். "அந்தாண்ட பக்கமா சுத்திகினுதான் வந்தோம். பாத்தேன்."

எனக்கு நடை நின்றுவிட்டது. "அப்புறம் ஏம்மா கேட்ட?"

"நீ இன்னா சொல்றேன்னு பாத்தேன். போறேன்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா சரின்னு வந்துருப்பேன்." பையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "பாவம், உன் மாமன பொய் சொல்ல வுட்டுட்ட."

வீட்டுக்குப் போய் மீன் கழுவினாள். மாமா அன்று சாயங்காலம் வந்து மலாயாவில் என்ன மீன் கிடைக்கும் என்று விசாரித்தார். அவருக்கு நான் ஒரு டார்ச் லைட் வாங்கி வந்திருந்தேன். அதைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்றும் முழுதாக முடிவதில்லை.

நேற்று அந்தப் பெண் மறுபடி வந்தாள். பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் வாங்கிவிட்டாளாம், ஒவ்வொன்றுக்கும் எதிரே குறி போட்டிருந்தாள். அவள் வீடு தண்டையார்பேட்டையில். அவளிடம் வாயாலேயே சொன்னேன். கப்பல் சில சமயம் புறப்பட்ட பிறகும் கரைக்கு எதிரே நின்றுவிடும். அப்போது வீட்டிலிருந்து யாராவது தேடி வந்தால் கம்பியோரம் போய் நில். அவர்கள் கேட்பதற்கு உன் வாயால் பதில் சொல்லிவிடு, யார் கேட்டுக்கொண்டிருந்தாலும்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மாலாம் கடல்ல வர மாட்டாங்கக்கா. தண்ணின்னாலே பயம்" என்றாள்.

"எங்கம்மாவுக்கும் பயம்தான்" என்றேன்.